உமா, வில்மா, என் பழைய கணினி

கல்லணைக் கால்வாய்க் கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் ஆறு பேர். ஆறு பேருமே ஓய்வூதியர்கள். சர்க்கரை, மூட்டுவலி, அகவிலைப்படி என்று வழக்கமாகச் சுற்றிவரும் பேச்சு, சென்ற மாதம் திடீரென்று கணினிப் பக்கம் திரும்பியது. அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தான். பதிவு செய்துகொண்டவர்களுக்கு இன்னும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அது வேறு விஷயம். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லு வேண்டும், டி.பி.எம். 2.0 வேண்டும் என்கிறார்கள். எங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் இருப்பது மகனோ மகளோ வெளியூர் போகும்போது விட்டுச் சென்ற பெட்டி. அதில் அதெல்லாம் எங்கே இருக்கப் போகிறது?

"அப்போ இதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா சார்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

வேண்டாம் என்பதுதான் என் பதில். லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். உடனே ஒரு நண்பர், "ஆமாம், அது ஓசிதானே!" என்றார். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இந்தக் கட்டுரையே அந்த 'ஓசி'யால் வந்தது.

நான் பிறந்தது காரைக்காலில், 1951இல். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு மூன்று வயது. சட்டப்படியான மாற்றம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அதற்கு முன்னும் பின்னும் என் அப்பா என்னைப் படிக்க வைத்தது பிரெஞ்சு வழியில்தான். எங்கள் சித்தப்பா சைகோனில் இருந்தார். பையன் பிரெஞ்சு படித்தால் என்றாவது கப்பல் ஏறுவான் என்று அப்பாவுக்குக் கணக்கு. நான் ஏறியது தஞ்சாவூர் வரும் ரயில். ஆங்கிலத்தைத் தனியாகப் படித்து, தமிழ் தட்டச்சு லோயர் பாஸ் பண்ணி, தமிழ்நாடு அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து, 58 வயதில் அதே மேசையிலிருந்து எழுந்து வந்தேன்.

பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் ஒரு வித்தியாசத்தை மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தார். 'லீப்ர்' என்றால் கட்டில்லாதது, சுதந்திரமானது. 'கிராத்துயி' என்றால் காசில்லாதது. "மணி அடிக்கும் வரைக்கும் நீ லீப்ர் இல்லை. மணி அடித்த பிறகு உனக்குக் கொடுக்கிற ரொட்டி கிராத்துயி. இரண்டையும் குழப்பினால் ரொட்டி கிடையாது" என்பார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அதனால்தான் உலகம் முழுக்க இந்தக் குழப்பம். 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நாற்பது வருடமாக இதை விளக்கிக்கொண்டே இருக்கிறார். 'லீப்ர்' என்ற சொல்லையும் பயன்படுத்துகிறார். நம் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகவே பெயர் வைத்துவிட்டார்கள். 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழைப் படிப்பவர்களுக்கு இந்தச் சொல் பழகியிருக்கும். ஆனால் நம் வாயில் வருவது 'இலவசம்', 'ஓசி'.

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் மறைந்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை நெல் கொடுப்பார்கள். அடுத்த வருடம் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு வாங்கவில்லை என்பதா அதில் முக்கியம்? அந்த விதையை விதைக்கலாம், எடுத்து வைக்கலாம், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். லினக்ஸும் அப்படிப்பட்ட சரக்குதான். கூடவே ஒரு பொறுப்பும் வருகிறது. வயலை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பில் நான் எப்படிக் கோட்டைவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தார். அரசுக் கணினிகளில் லினக்ஸ் என்பதை அவர் உறுதியாகப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு உபதேசம் செய்யாமல் எல்காட் அலுவலகக் கணினிகளிலேயே முதலில் சூசே லினக்ஸைப் போட்டார். அந்த அலையில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் லினக்ஸ் போட்ட கணினி ஒன்று வந்தது. இருப்புப் பதிவேட்டில் நான்தான் பதிந்தேன். மூன்று வாரம் அது துணி போர்த்தியபடி மூலையில் கிடந்தது. யாருக்கும் பயிற்சி கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், நாங்கள் அப்போது தமிழ் அடித்துக்கொண்டிருந்த எழுத்துரு அதில் இல்லை. கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டும். நாலாம் வாரம் ஒரு பையனைக் கூப்பிட்டு, கள்ளப் பிரதி விண்டோஸைப் போட்டுக்கொண்டோம். 'கொண்டோம்' என்று எழுதுகிறேன். அந்தப் பையனைக் கூப்பிட்டவனே நான்தான். 2008இல் உமாசங்கர் வேறு பணிக்கு மாற்றப்பட்டார். அலையும் அடங்கியது. 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸையும் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் காலத்தில் வீட்டிலும் எனக்கு ஒரு கணினி இருந்தது. அப்பா காலமான பிறகு அவருடைய நோட்டுப் புத்தகங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அப்பா தமிழும் பிரெஞ்சும் கலந்து எழுதுவார். ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி பிரெஞ்சில் முடியும். அலுவலகத்தில் பழகிய அதே எழுத்துருவில் சுமார் 120 பக்கம் அடித்து வைத்தேன். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. நான் என் கோப்புகளை மாற்றவில்லை. எல்லாம்தான் திறக்கிறதே, பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

2021 கொரோனா அடைப்பில் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற உட்கார்ந்தேன். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டேன். அந்தப் பழைய எழுத்துருக்கள், உச்சரிப்புக் குறி போட்ட பிரெஞ்சு எழுத்துகளுக்கு உரிய இடத்தில்தான் தமிழ் எழுத்துகளைக் குடிவைத்திருந்தன. மாற்றிக்கு எது தமிழ், எது பிரெஞ்சு என்று தெரியுமா? அப்பாவின் பிரெஞ்சு முழுவதையும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாற்றிக் கொடுத்தது. அதையும் நான் மூலக் கோப்பின் மேலேயே சேமித்துத் தொலைத்தேன். நகல் எடுக்காமல் அசல் கோப்பில் கை வைக்காதே என்று முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். நோட்டுகளைப் பார்த்து மீண்டும் அடிக்கலாம் என்று பரணில் ஏறினால், இரண்டு நோட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. 1954 நவம்பர் 1 அன்று காரைக்காலில் கொடி இறங்கியதைப் பற்றி அப்பா எழுதிய ஒன்றரைப் பக்கம் அதில் போனது. மூன்று வயதில் நான் அவர் தோளில் உட்கார்ந்திருந்தேனாம். அந்த வரி மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பேரனைக் கூப்பிட்டு, லினக்ஸ் போடச் சொன்னேன். 2014இல் வாங்கிய பெட்டி; 4 ஜி.பி. நினைவகம். அவன் லினக்ஸ் மின்ட் 20.2 போட்டுக் கொடுத்தான். மின்ட் வெளியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பெயர் வைக்கிறார்கள், அகர வரிசைப்படி. 20.2க்கு 'உமா' என்று பெயர்! எங்கள் தெருவில் மட்டும் மூன்று உமா. 2006இல் மின்டைத் தொடங்கிய கிளெமான் லெஃபெவ்ர் ஒரு பிரெஞ்சுக்காரர், அயர்லாந்தில் இருப்பவர் என்று தெரிந்ததும் எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. (பிரெஞ்சில் கணினிக்கு 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955இல் ஐ.பி.எம். கேட்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். ஆங்கிலச் சொல்லை அப்படியே விழுங்காதவர்கள் நாம் மட்டும் இல்லை.)

உமாவுக்கு அடுத்த உனா வரைக்கும் ஏறினேன். பிறகு நின்றுவிட்டேன். மின்டின் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. 20 வரிசைக்கு 2025 ஏப்ரலோடு முடிந்தது. முன்கூட்டியே திரையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் அதை மூடி மூடி வைத்தேன். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டுவிட்டு, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையே என்று புலம்புகிறவர்களைத் திட்டுகிறோம். நானும் அதேதான் செய்துகொண்டிருந்தேன். விண்டோஸ்காரனாவது தேதி சொல்லிக் கதவைச் சாத்துகிறான். இங்கே கதவு திறந்தே இருக்கும். நாம்தான் எழுந்து போக வேண்டும்.

ஆகஸ்டில் எழுந்தேன். 20இலிருந்து 22க்கு ஒரே தாவாகப் போக முடியாது. உனாவிலிருந்து 21 வனெசா, அங்கிருந்து 21.3 வர்ஜீனியா, பிறகு 22 வில்மா. இரண்டு பெரிய மாற்றம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சுலபம் என்றான் பேரன். "தாத்தா, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். இல்லாட்டி புது லேப்டாப்பே வாங்கிடலாம்." எனக்கு அழிப்பது என்ற சொல்லே ஆகாது. படிப்படியாகவே போகலாம் என்றேன்.

முதல் வேலை, மாதாந்திரப் பராமரிப்பு மின் நிறுத்தம் எங்கள் பகுதிக்கு என்று வருகிறது என்று பார்த்தது. அது முடிந்த மறுநாள் காலையைத் தேர்ந்தெடுத்தேன். யூ.பி.எஸ். பேட்டரி கால் மணி நேரம்தான் தாங்கும். நடுவழியில் கரண்ட் போனால் கணினி எந்த நிலையில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இரண்டாவது, நகல். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனியுங்கள். மின்டில் 'டைம்ஷிஃப்ட்' என்று ஒன்று உண்டு. மேம்படுத்தும் கருவியே அதில் ஒரு படம் எடுத்துவிட்டு வா என்று கேட்கும். எடுத்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்துவிடுவோம். ஆனால் அது எடுப்பது இயங்குதளத்தின் நகல். நம் கடிதங்கள், போட்டோக்கள் இருக்கும் சொந்த அடைவை, நாமாகச் சொன்னாலொழிய, அது தொடாது. வீட்டுக்குக் கூரையை இன்ஷூர் பண்ணிவிட்டு பீரோவை மறந்த கதை. அப்பாவின் பக்கங்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் பென் டிரைவ் ஒன்றிலும் தனித்தனியாக ஏற்றினேன். அலுவலகத்தில் கோப்பை முடிக்கும்போது ஓ.மு., ப.மு., நி.மு. என்று போடுவோமே, ஓராண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று. அந்தப் பென் டிரைவின் மேல் காகிதம் ஒட்டி 'நி.மு.' என்று எழுதினேன். என் மனைவி சிரித்தாள்.

கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு கட்டளை அடிக்க வேண்டும். பிறகு வருவதெல்லாம் பொத்தான்கள்தான். கருவி முதலில் சோதிக்கிறது, ஒத்திகை பார்க்கிறது, இறக்குகிறது, அதற்குப் பிறகே மாற்றுகிறது. வெளியிடத்திலிருந்து நாம் போட்ட நிரல்களைத் தனியாகப் பட்டியலிட்டு, இவை என் பொறுப்பில் இல்லை என்று சொல்லிவிடுகிறது. எனக்கு இந்த முறை ரொம்பப் பிடித்தது. நல்ல தலைமை எழுத்தர் வேலை. முதல் மாற்றத்துக்கு இரண்டரை மணி நேரம், மறுநாள் இரண்டாவதற்கு மூன்று மணி நேரம். இரண்டாம் நாள் மாலை வில்மா எழுந்து நின்றாள். பிரிண்டர் சரி, சத்தம் சரி. தமிழைக் காணோம்.

பயந்துதான் போனேன். நான் அடிப்பது பழைய தமிழ் தட்டச்சு முறை. தமிழ் 99 என் விரல்களுக்கு வரவில்லை. லினக்ஸில் ஐபஸ் என்பதோடு எம்17என் என்று ஒரு தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99, தட்டச்சு முறை இரண்டுமே கிடைக்கும். இடைப்பட்ட மாற்றத்தில் அது கழன்று போயிருக்கிறது. மீண்டும் நிறுவி, ஒரு தடவை வெளியேறி உள்ளே வந்ததும் வந்துவிட்டது. அப்பாவின் பக்கங்களைத் திறந்தேன். ஒரே வரியில் தமிழும் பிரெஞ்சும், குறி போட்ட எழுத்துகளோடு, போன வருடம் பார்த்தபடியே நின்றன. யூனிகோடில் ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம். ஒருவர் வீட்டில் ஒருவர் குடியேற வேண்டியதில்லை.

குறைகளை மறைத்தால் நாளைக்கு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஓய்வூதியர்களுக்கு முக்கியமான ஜீவன் பிரமாண் உயிர்வாழ் சான்றிதழ், வீட்டு லினக்ஸ் கணினியில் ஆகாது. அதற்கான நிரல் லினக்ஸுக்கு இல்லை. நான் தபால்காரரிடம் 70 ரூபாய் கொடுத்து வாசலிலேயே முடித்துக்கொள்கிறேன். (அவர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருவகம்தான் என்று அவரிடம் சொன்னேன். "அப்படிங்களா சார்" என்று ரசீதை நீட்டினார்.) கையெழுத்து டோக்கன் செருகி வரி தாக்கல் செய்பவர்கள் விசாரித்துவிட்டு இறங்குங்கள். சில பிரிண்டர்கள், ஸ்கேனர்கள் முரண்டு பிடிக்கும்.

இந்தக் குறைகளில் பாதிக்குக் காரணம் லினக்ஸ் இல்லை, நாம் தொடங்கியதைப் பாதியில் விட்டது என்பது என் கட்சி. பிரான்ஸில் ஜான்தார்ம்ரி என்ற காவல் படை 2005இல் அலுவலகச் செயலியை மாற்றினார்கள். அடுத்து உலாவி. 2008இலிருந்து உபுண்டு. ஆள் மாறினாலும் வேலை நிற்கவில்லை. இன்று அவர்களுடைய லட்சம் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துக் கேரளாவில் பள்ளிப் பிள்ளைகள் இருபது வருடமாக லினக்ஸில் படிக்கிறார்கள். புதிய வெளியீடு வந்தால் அதைத் தங்கள் பாடத்துக்கு ஏற்றபடி தொகுத்து, ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். பெட்டியோடு ஒரு வட்டை அனுப்பி, இனி உன் பாடு என்று விட்டுவிடவில்லை. 2007இல் எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பெட்டியோடு ஒரே ஒரு ஆள் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து, தமிழ் இப்படி அடியுங்கள், பழைய கோப்பை இப்படி மாற்றுங்கள் என்று காட்டியிருந்தால் நான் அந்தப் பையனைக் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. அப்போது எனக்கு 56 வயது. புதிதாக எதுவும் கற்க வேண்டாம் என்ற சோம்பலும் இருந்தது.

இப்போது 74. செப்டம்பரில் வந்த 22.2க்கு 'ஜாரா' என்று பெயர். அதற்குப் போவது காபி ஆறுவதற்குள் முடிந்தது. பெரிய மாற்றங்களை உரிய காலத்தில் செய்துவிட்டால் இடையில் வருபவை இவ்வளவுதான். 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. அந்தத் தேதியையும், செய்ய வேண்டிய வரிசையையும், 'நி.மு.' பென் டிரைவ் இருக்கும் இழுப்பறையையும் ஒரு தாளில் எழுதி, பீரோவின் உள்பக்கக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நான் இருந்தால் நான் செய்வேன். இல்லாவிட்டால் பேரன் பார்த்துக்கொள்ளட்டும்.

'ஓசி' என்றாரே, அந்த நண்பர்தான் முதலில் ஒத்துக்கொண்டார். வரும் வியாழக்கிழமை எங்கள் பகுதிக்கு மின் நிறுத்தம். வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டில் பெட்டியைத் திறக்கிறோம். ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, பேத்தியின் போட்டோக்களை அதற்கு முன்பே ஏற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிரிண்டர் ஓடுமா என்று நாலு தடவை கேட்டுவிட்டார். முதலில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே மின்டை ஓட்டி, ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்ப்போம், ஓடாவிட்டால் உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.